மொண்டிசோரி என்பது ஒரு பெண்ணின் பெயர்

கடந்த விடுமுறைக்குக் கொஸ்லந்தைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, என் தாத்தாவின் மகளைக் காலையில் மொண்டிசோரிக்குக் கூட்டிக்கொண்டு போகும் வேலை எனக்குக் கிடைத்தது. அவளுக்கு நான்கு வயது. கேள்வி கேட்பதில் அவளை வெல்ல எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஒரு நாள் பாதி வழியில் நின்றுகொண்டு, கடையைக் கடை என்கிறோம், பள்ளியைப் பள்ளி என்கிறோம், இதை மட்டும் ஏன் மொண்டிசோரி என்கிறோம் என்று கேட்டாள். உயர்தர வகுப்பில் படிக்கும் சாச்சிக்குப் பதில் தெரியவில்லை. நடடி, நேரமாகிறது என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் நாட்டில் முன்பள்ளி என்று எழுதுவோம், பேசும்போது மொண்டிசோரி என்போம். தோட்டத்து லயத்திலும் அப்படித்தான், கொழும்பிலும் அப்படித்தான். விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடிப் படித்தேன். அது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர். மரியா மொண்டிசோரி என்பது அவருடைய முழுப் பெயர். அவர் நம் இலங்கைக்கும் வந்து பாடம் நடத்தியவர். நான் அறிந்துகொண்ட அவரது வாழ்க்கையைச் சகோதரிகளாகிய உங்களுக்கும், இந்த மலரை வாசிக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

மரியா, இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியராவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகத்தர். தாய் ரெனில்டே நிறைய வாசிப்பவர். அந்தக் காலத்தில் இத்தாலியப் பெண்கள் படித்தால் ஆசிரியையாகலாம், அதற்கு மேல் வேறு வழி பெரிதாக இல்லை. மரியாவுக்கோ கணிதத்தில் ஆர்வம். பதின்மூன்று வயதில் ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழினுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். பொறியியலாளராக வேண்டும் என்பது அவரது முதல் ஆசை. பின்பு அந்த ஆசை மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தாய் மகளின் பக்கம் நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் முதலில் இயற்கை விஞ்ஞானம் படித்து, அதன் பின்பே மருத்துவப் பிரிவில் அவரால் சேர முடிந்தது. அங்கே பட்ட சிரமங்கள் கொஞ்சமல்ல. உடற்கூற்றியல் வகுப்பில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் உடலை அறுத்துப் படிப்பது தகாது என்று கருதினார்கள். அதனால் எல்லோரும் போன பிறகு, மாலை வேளையில், பிரேதங்கள் வைத்திருக்கும் அறையில் தனியாக நின்று படித்தார். 1896ஆம் ஆண்டு ஜூலை மாதம் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டு பெர்லினில் நடந்த மகளிர் மாநாட்டுக்குப் போய், வேலை செய்யும் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலி வேண்டும் என்று பேசினார்.

வைத்தியராக அவர் முதலில் கவனித்தவர்கள் புத்தி வளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள். அவர்களை அக்காலத்தில் மனநோயாளர் விடுதிகளில் பெரியவர்களோடு சேர்த்தே அடைத்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்கவோ கையில் எடுத்து விளையாடவோ அங்கே ஒன்றும் இல்லை என்பதை மரியா கண்டார். பிரான்ஸ் நாட்டு வைத்தியர்களான இத்தார், செகுவின் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். கைக்கு வேலை கொடுத்தால் மூளைக்கு வழி திறக்கும் என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்து கிடைத்தது. 1900ஆம் ஆண்டு ரோமில் இத்தகைய பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலைக்கு இணைப் பணிப்பாளரானார். அவர் பழக்கிய பிள்ளைகள் எழுதவும் வாசிக்கவும் கற்று, சாதாரணப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலும் சித்தி பெற்றார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். மரியாவோ வேறொன்றை யோசித்தார். இந்தப் பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடிந்தால், நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளைகள் ஏன் இன்னும் மேலே போகவில்லை? அப்படியானால் குறை பாடசாலைகளில் அல்லவா இருக்க வேண்டும்?

அவருடைய சொந்த வாழ்விலும் அந்த நாட்களில் துயரம் இருந்தது. 1898இல் பிறந்த தன் மகன் மரியோவைத் தன்னோடு வைத்து வளர்க்க அவருக்கு வாய்க்கவில்லை. பிள்ளை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. மரியோ பெரியவனான பிறகே தாயோடு வந்து சேர்ந்தார். அதன் பின் சாகும் வரை தாயைப் பிரியாமல் அவரது வேலையில் துணை நின்றார். ஊரார் பிள்ளைகளுக்காக இரவு பகலாக உழைத்த காலத்தில் தன் பிள்ளை தன்னிடம் இல்லாமல் இருந்த தாய் அவர்.

1907 ஜனவரி 6ஆம் திகதி மரியாவின் பெயரை உலகம் அறியச் செய்த நாள். ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் சில கட்டடங்களைத் திருத்தித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். தாயும் தந்தையும் விடியவே வேலைக்குப் போய்விடுவார்கள். பாடசாலைக்குப் போகும் வயது வராத சிறுவர்கள் படிக்கட்டுகளில் ஓடி, சுவர்களில் கிறுக்கித் திரிந்தார்கள். சுவரைக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்கக் கட்டட நிர்வாகம் எண்ணியது. அந்தப் பொறுப்பு மரியாவிடம் வந்தது.

இதைப் படித்தபோது எங்கள் மலைப்பக்கத்துப் பிள்ளைக் காம்பராதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும் முன், குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். விழாமல், அழாமல் மாலை வரை வைத்திருந்தால் போதும் என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். சான் லொரென்சோவிலும் மரியாவிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

அவர் செய்தது வேறு. பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற சிறிய மேசை, கதிரைகள் செய்வித்தார். பொருட்களைப் பிள்ளைகளே எடுத்து, பிள்ளைகளே திருப்பி வைக்கும்படி பதிவான அலுமாரிகள் வைத்தார். தன் மருத்துவ வேலையில் பயன்படுத்திய கற்றல் பொருட்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒதுங்கி நின்று கவனித்தார். விளையாட்டுச் சாமானை விட்டுவிட்டுப் பிள்ளைகள் அந்தப் பொருட்களையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று மரக் குற்றிகளை அவற்றின் குழிகளில் போட்டு எடுப்பதைச் சுற்றியிருந்த சத்தம் எதையும் கவனியாமல் நாற்பது தடவைக்கு மேல் செய்தது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள், யாரும் எழுதச் சொல்லாமலே ஒரு நாள் எழுதத் தொடங்கினார்கள்.

அவர் செய்த பொருட்களில் என்னை மிகவும் கவர்ந்தவை எண்ணிக்கை மணிகள். ஒரு தனி மணி ஒன்று. பத்து மணிகள் கோத்த கம்பி பத்து. அப்படிப் பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனம் ஆயிரம். ஆயிரம் என்றால் எவ்வளவு என்பதைப் பிள்ளை கையில் தூக்கிப் பார்த்தே அறிந்துகொள்கிறது. எண்ணை எழுதுவது அதற்குப் பிறகுதான்.

இனி நான் சொல்லப்போவது என் மனதை உலுக்கிய பகுதி. 1908 டிசம்பர் 28ஆம் திகதி அதிகாலை இத்தாலியின் தெற்கே மெசினா நகரில் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் இடிபாடுகளில் புதைந்து போனார்கள். அங்கே அநாதைகளாகக் கண்டெடுக்கப்பட்ட சுமார் அறுபது குழந்தைகளை ரோம் நகரில் ஒரு கன்னியர் மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிலருக்குத் தங்கள் பெயர்கூடத் தெரியவில்லை. பேச்சில்லை, சாப்பாடில்லை, இரவானால் அலறி அழுதார்கள். மரியாவின் முறையில் அவர்களுக்கு ஒரு வீடு அமைக்கப்பட்டது. சின்னச் சின்ன மேசைகள், அழகான கோப்பைகள், ஒரு தோட்டம், மீன்கள், புறாக்கள். மேசையை ஒழுங்கு செய்யவும், பூவை அடுக்கவும், பாத்திரம் கழுவவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பாடம் கேட்டுப் பரீட்சை வைக்கவில்லை. கைகளுக்கு வேலை வந்தது. மெல்ல மெல்லச் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், கடைசியில் ஓடி விளையாடிச் சிரித்தார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை எங்கள் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அப்போது நான் தரம் 4இல் படித்தேன். அன்று பாடசாலைக்கு வந்ததால் உயிர் பிழைத்த பிள்ளைகள் எங்களோடு இருந்தார்கள். என் பக்கத்து வாங்கில் இருந்தவளும் அவர்களில் ஒருத்தி. அவள் வீடு இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. சில வாரங்களுக்குப் பின் யாரோ கொடுத்த புதிய புத்தகப் பையோடு வகுப்புக்கு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால், விடுபட்ட பாடங்களைக் கொப்பியில் பார்த்து எழுதி முடிக்கும்படி அவளிடம் சொன்னார்கள். என் கொப்பியைத்தான் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தாள். சில நாட்களில் உறவினர் வீட்டுக்கென்று வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். அதன் பின் நான் அவளைக் காணவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களுக்குப் பாடம் சொன்னவர்களும் அந்த நாட்களில் அழுதவர்கள்தான். அவளுக்கு என்ன செய்யலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மெசினாவின் பிள்ளைகளைப் பற்றி வாசித்த அன்றைக்கு, கொப்பிக்குப் பதிலாக நான் அவளுக்கு வேறென்ன கொடுத்திருக்கலாம் என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மரியாவின் வாழ்க்கைக்குத் திரும்புகிறேன். 1909இல் அவர் எழுதிய நூல் பல மொழிகளில் வெளிவந்தது. உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆசிரியர்கள் ரோமுக்கு வந்தார்கள். இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்தபோது முதலில் அவருடைய பாடசாலைகளுக்கு ஆதரவு கொடுத்தார், மரியாவும் அதை ஏற்றுக்கொண்டார். அவரது வாழ்வில் இன்றும் விமர்சிக்கப்படும் இடம் இது. ஆனால் பிள்ளைகளை ஆட்சியின் சிப்பாய்களாக்கும் எண்ணத்துக்கு அவர் இணங்கவில்லை. 1934 அளவில் அங்கே அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் நாசிகள் அவரது நூல்களை எரித்தார்கள். ஸ்பெயினில் குடியிருந்தார், 1936இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் தப்பி நெதர்லாந்துக்குப் போனார்.

1939இல், தமது 69ஆவது வயதில், மகனோடு சென்னைக்கு வந்தார். அடையாற்றில் பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளின் கீழ் சுமார் 300 பேருக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அடுத்த ஆண்டு இத்தாலி பிரித்தானியாவுக்கு எதிராகப் போரில் இறங்கியதும், இவர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோ தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். மரியாவின் 70ஆவது பிறந்த நாளில் மகன் விடுவிக்கப்பட்டுத் தாயிடம் வந்து சேர்ந்தார். பின்னர் கொடைக்கானல் மலையில் தங்கி, பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் பாடசாலையை நடத்தினார். செடி கொடி, பூமி, நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் கற்பிக்கும் அவரது பிற்காலச் சிந்தனை அந்தத் தமிழ் மலையில்தான் வளர்ந்தது.

1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அதற்கு மறு வருடமே, 1945இல், கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நம் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களில்தான். அதுவரை தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு மண்டபம், ஒரு ஆசிரியர், சில வகுப்புகள் என்பதே பாடசாலை. மொண்டிசோரி என்ற பெயர் மலைக்கு வந்து சேர்ந்தது, அவருடைய முறை வந்து சேரவில்லை. பெயர்ப் பலகையில் அவர் பெயரை எழுதிவிட்டு நான்கு வயதுப் பிள்ளைக்கு வீட்டு வேலை கொடுத்து அனுப்பும் இடங்கள் இன்றும் உண்டு.

1949இல் இந்தியாவை விட்டுச் சென்ற மரியா, அந்த ஆண்டிலிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டார். பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் கடலோர ஊரான நூர்ட்விக்கில் 81ஆவது வயதில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஒரு காலத்தில் அவரது பாடசாலைகளை மூடிய இத்தாலி, 1990இல் அவருடைய முகத்தைத் தன் 1000 லீரா நாணயத்தாளில் அச்சிட்டது.

கணினி படிக்கும் எனக்கு இவரிடம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மரியா தம் வகுப்பறையில் கணினியைக் கண்டதில்லை. ஆனால் அவர் செய்த பொருட்களில் ஒரு தன்மை இருந்தது. பிழை விட்டால் ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடும். பெரிய குற்றியைச் சிறிய குழியில் போட முடியாது. சிறியதைப் பெரிய குழியில் போட்டால் கடைசியில் ஒரு குற்றி இடமில்லாமல் மிஞ்சும். பிள்ளை தானே பார்த்துத் தானே திருத்தும். செய்நிரல் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும். நாம் எழுதியது பிழையென்றால் கணினி கோபிப்பதில்லை, ஏசுவதில்லை. விடை வராது, அவ்வளவுதான். எங்கே வழு என்று நாமே தேட வேண்டும். பிழையைக் கண்டு வெட்கப்படப் பழகிய பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடும். தேடித் திருத்தப் பழகிய பிள்ளை மேலே போகும்.

இந்தத் தொடர்பு என் கற்பனை மட்டுமல்ல. பிள்ளையின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, சுவிட்சர்லாந்தின் மொண்டிசோரிச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அவரோடு வேலை செய்த சீமோர் பாபர்ட், 1967இல் சிந்தியா சொலமன் முதலியோரோடு சேர்ந்து சிறுவர்களுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். ஆமை வடிவத்தை நகர்த்திப் படம் வரையும் அந்த வழியில் வந்ததே இன்று நம் பாடசாலைகளிலும் பழக்கப்படும் ஸ்க்ராட்ச். கூகிள் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரும் சிறு வயதில் மொண்டிசோரிப் பாடசாலைகளில் படித்தவர்களே.

முன்பு நான் படித்த இடத்தில் கணினிப் பாடம் என்றால் ஒரு கணினியைச் சுற்றி ஆறு பேர் நிற்போம். சுட்டி யார் கையில் இருக்கிறதோ அவள் கற்றாள். மற்ற ஐந்து பேரும் பார்த்தோம், பின்பு கட்டளைகளைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினோம். துவித எண்கள் எனக்கு அப்படித்தான் வந்தன, புரியாமலே.

ஆகவே சென்ற விடுமுறையின் போது ஒரு சிறு முயற்சி செய்தேன். வாப்பாவின் கடையில் கிடந்த சப்பாத்துப் பெட்டி மட்டையில் ஐந்து அட்டைகள் வெட்டினேன். அவற்றில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள் இட்டேன். அயலில் உள்ள சிறுவர்கள் சிலரைக் கூட்டி, அவரவர் பிறந்த திகதியைப் புள்ளிகளால் காட்டச் சொன்னேன். அட்டையைத் திருப்பினால் 1, கவிழ்த்தால் 0. லயத்திலிருந்து வந்த ஏழு வயதுச் சிறுமிக்கு 13 வேண்டும். 8, 4, 2 ஆகிய மூன்றையும் திருப்பி எண்ணினாள், 14 வந்தது. நான் வாய் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அறிந்தேன். அவள் 2ஐக் கவிழ்த்தாள், 12 ஆனது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 1ஐத் திருப்பினாள். 01101. கணினி 13ஐ வைத்துக்கொள்ளும் முறை அது. மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. நான் பத்தாம் தரத்தில் மனப்பாடம் செய்ததை அவள் கையால் கண்டுபிடித்தாள்.

உயர்தரம் முடிந்ததும் மென்பொருள் துறையில் கொழும்பில் வேலைக்குப் போக வேண்டும் என்பது வாப்பாவின் ஆசை. கல்வியியற் கல்லூரிக்குப் போய்க் கணினி ஆசிரியையாக எங்கள் மலைக்கே திரும்ப வேண்டும் என்பது என் எண்ணம். வாப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. தன் தந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் படித்த மரியாவின் பட்டத்தைக் கண்டு அந்தத் தந்தை பின்னாளில் பெருமைப்பட்டார் என்று உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், வாப்பாவுக்கும் விளங்கும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை மொண்டிசோரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இன்று என்ன எழுதினாய் என்று கேட்கும் முன், இன்று உன் கையால் என்ன செய்தாய் என்று கேளுங்கள். சகோதரிகளே, உங்கள் ஊரிலும் கணினி இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். ஐந்து மட்டையும் ஒரு பேனையும் போதும்.

என் தாத்தாவின் மகளுக்கு நான் இன்னும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த விடுமுறைக்குப் போனதும் அவள் நின்று கேட்ட அதே இடத்தில் நின்று, அது ஒரு பெண்ணின் பெயர் என்று தொடங்குவேன். இந்த முறை நேரமாகிறது என்று அவளை இழுத்துப் போக மாட்டேன்.